பெத்தோலேயின் பிரதி

ஞாயிறு இரண்டு மணிக்கு
காரைத் தெருவோரம் தள்ளிவிடுகிறேன்.
எண்ணெய்க் கறை படிந்த சிமெண்டுத் தரையை
இரண்டு முறை கழுவிவிட்டால்
மாமெலோடியில் இதைவிட நல்ல அரங்கம் கிடையாது.

வருகிறார்கள்.
மாட்லாலா, கறுப்பும் வெள்ளையுமாய் ஷூ,
தொப்பியைக் கழற்றாமலே கைகுலுக்குவார்.
இரவுப் பணி முடிந்து தூங்காமல் வந்த மோகாடி,
நர்ஸ் உடுப்பின் மேல் சிவப்புக் கோட்டு.
பெத்தோலே, கக்கத்தில் ஒரே ஒரு இசைத்தட்டு,
கடன்காரன் தெரு வழியாகக்
கொண்டுவந்த பணத்தைப் போல.

விதி ஒன்றுதான்: அட்டையைக் காட்டக் கூடாது.
ஊசி இறங்கியதும்
யார் வாசிப்பது, எந்த ஆண்டு, டிரம்ஸில் யார் என்று
கேட்பவர்கள் சொல்ல வேண்டும்.
தோற்றவர் பீர் வாங்கணும்.
மாட்லாலா தோற்றதாக அவரே ஒப்புக்கொண்டதில்லை.
பீர் மட்டும் எப்போதும் அவர் கணக்கில்.

பழைய சண்டை மறுபடி:
ஜாஸே கேட்டிராத ஒருவனுக்கு
முதலில் எதைக் கொடுப்பாய்?

மோகாடிக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பியானோ மூவர்.
வார்டு உறங்கிய பின், மூன்றரை மணிக்கு,
சத்தத்தைக் குறைத்து வைத்து.
பகலில் கேட்டால் அது வேறு தட்டு என்கிறாள்.

மஷாடி ஒரு டிராம்போன்காரரைச் சொல்கிறாள்.
எட்டு நிமிடம் ஒன்றுமே நடக்காது.
ஒன்பதாவதில்?
ஒன்பதாவதிலும் நடக்காது. பழகிக்கொள்.

எனக்கு அந்தப் பழைய காதல் மெட்டு.
பதினேழு பேர் வாசித்தது என்னிடம் இருக்கிறது.
பதினேழிலும் அவள் போய்விடுகிறாள்.
ஒருவன் கதவைச் சாத்துகிறான்.
ஒருவன் திறந்தே வைக்கிறான்.
ஒருவன் கடைசி வரை
சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

அந்த மூன்றாமவனைத்தான் சுழலவிட்டேன்.
சாக்ஸபோன் தனியே பேசத் தொடங்கியதும்
மாட்லாலா நடுவே வந்தார்.
இங்கே ஜோடி கிடையாது.
முழங்கால் சிம்பலோடு,
தோள் பேஸோடு,
முகம் மட்டும் வரிசையில் நிற்பவனைப் போல் சும்மா.

அப்போது மின்சாரம் போயிற்று,
அட்டவணையில் இல்லாத நேரத்தில்.
சாக்ஸபோன் கனத்து,
இழுத்து,
எருமையாகி,
நின்றது.
மாட்லாலாவின் வலது கால் அந்தரத்தில்.

அந்தக் கால் இறங்கியாக வேண்டுமே.
விட்ட இடத்திலிருந்து மோகாடி முனகினாள்.
மஷாடி சேர்ந்தாள்.
பேஸுக்கு நான், பெயிண்ட் டப்பாவில் இரண்டு விரல்.
கண் மூடிப் பெத்தோலேயும் வந்தான்,
எங்களைவிடச் சுத்தமான சுருதி.
ஆளுக்கு ஆள் ஒரு சுரம் அப்படி இப்படி,
ஆனாலும் போகிற ஊர் ஒன்றே.

படிப்படியாய் ஏறும் இடம் வந்தது.
இரண்டாம் படியில் நாங்கள் நிற்க
பெத்தோலே ஏழாம் படியில்,
தனியாக,
கீழே பார்த்துக்கொண்டு.

“நடுவில் என்னமோ பாடினீர்களே, அது என்ன?”
“இருக்கிறதைப் பாடினோம்.”
“அங்கே ஒன்றும் கிடையாது.”

கக்கத்துத் தட்டை எடுத்தான். அதே தட்டு.
ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தபோது
மயிரிழை போல் ஒரு கீறல்.
பதினொரு வருடம் ஊசி தாண்டிய இடத்தை
அவனும் கூடவே தாண்டியிருக்கிறான்.

விட்டுப்போன நான்கு சுரங்களை
அவனுக்காக மெதுவாகப் பாடினோம்.
தலை குனிந்து கேட்டான்.
இன்னொரு முறை என்றான்.
பிறகு,
“அந்த இடத்தில் ஆள் கொஞ்சம்
அதிகமாக விளக்குகிறார்” என்றான்.

யாரும் சிரிக்கவில்லை.
மாட்லாலா தொப்பியைக் கழற்றி
உள்ளே எதையோ தேடுவதுபோல் பார்த்தார்.

ஆறு மணிக்கு மின்சாரம் வந்தது.
யாரும் தொடாமலே தட்டு முனகி எழுந்து
பாதி வாக்கியத்திலிருந்து பேசியது.
ஏறும் இடத்தில்
ஐந்து பேரும் பேச்சை நிறுத்தினோம்.
நான்கு சுரங்கள். இருந்தன. போயின.

இரவல் நோட்டில் மோகாடியின் கையெழுத்து:
பெத்தோலேயின் பிரதி, ஒரு வாரம்.
அடுத்த பெயர் மஷாடி.
அதற்கடுத்து நான்.

காரை உள்ளே எடுக்கும்போது
அந்த நான்கை விட்டுவிட்டு
சீட்டியடித்துப் பார்த்தேன்.
லேசில் வரவில்லை.
ஒவ்வொரு தடவையும்
மூன்றாம் படியில் கால் வைத்துவிடுகிறேன்.